குடிக்கிறவருக்குத் தெரியாமல் பொடி கலக்கலாமா?

கேள்வி:

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கிராமம். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். வீட்டுக்காரருக்கு 43 வயது, லோடு வேலை. பத்து வருஷத்துக்கு மேலாகக் குடிக்கிறார். இப்போது தினம் இரண்டு குவார்ட்டர், செலவு முந்நூறு ரூபாய்க்குக் குறையாது. காலையில் எழுந்ததும் கை நடுங்கிக்கினே இருக்குது, கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கிறது. போன ஆடி மாதம் கோயிலில் கயிறு கட்டி நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி, வாசலில் போலீஸ் நிற்கிறது என்றார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துடைப்பத்தால் அடித்தார். மாமியார் ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்ததும் தூங்கிவிட்டார். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒரு பொடி கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால் குடியை வெறுத்துவிடுவாராம். கலக்கலாமா?

இன்னொன்று. எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறது. மாற்றச் சொல்லி மகளிர் குழுவில் மனு கொடுக்கலாம் என்றால், "அந்தக் காசில்தான் உங்களுக்கு மாசம் ஆயிரம் வருது, அதை மூடச் சொல்றீங்களா?" என்று ஊரில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: மனநல மருத்துவர்

அம்மா, பொடியைக் கலக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் தோழிக்கும் தெரியாது, விற்றவருக்கும் அநேகமாகத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் "தெரியாமல் கொடுக்கலாம்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது வெறும் மூலிகைத் தூள் என்றால் பணத்தோடு போயிற்று. டைசல்ஃபிரம் என்ற மருந்தைப் பொடித்துக் கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

குடித்த சாராயத்தைக் கல்லீரல் இரண்டு கட்டமாக மாற்றுகிறது. முதல் கட்டத்தில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் உண்டாகும், அடுத்த கட்டத்தில் அது கெடுதல் இல்லாத அமிலமாகிவிடும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாவது கட்டத்தைத் தடுக்கிறது. நச்சு உடம்பில் தங்கிப்போகும். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் சரியும். கல்லீரலோ இதயமோ ஏற்கெனவே கெட்டிருப்பவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். மருத்துவர்கள் இதைத் தருவதுண்டு. ரத்தப் பரிசோதனை செய்து, இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் என்ன ஆகும் என்று விளக்கி, அவர் சம்மதித்த பிறகு தருவோம். குடித்தால் ஆபத்து என்று தெரிந்திருப்பதுதான் அந்த மருந்தில் பாதி. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல இரண்டு குவார்ட்டரை ஊற்றிக்கொள்வார். ஒருவேளை பிழைத்து, பிறகு விஷயம் தெரியவந்தால், உங்கள் கையால் சாப்பிடுவாரா என்பது தனிக் கேள்வி.

சரி, ஆடி மாதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தப் பகுதிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் அதைக் காற்று கருப்பு என்றிருப்பார்கள், கயிறு கட்டியும் நேர்மை இல்லாததால் சாமி தண்டித்தது என்றிருப்பார்கள். அது 'டெலிரியம்' என்ற மருத்துவ அவசரநிலை. மாரடைப்புக்கு எவ்வளவு பதறுவோமோ அவ்வளவு பதற வேண்டிய விஷயம்.

கணக்கைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் சுமார் 60 கிராம். இரண்டு குவார்ட்டர் என்றால் 120 கிராம். மருத்துவத்தில் பத்து கிராமை ஒரு அளவு என்று கணக்கிடுவோம், அப்படிப் பார்த்தால் உங்கள் கணவர் தினம் பன்னிரண்டு அளவு குடிக்கிறார். (பீர்தானே என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டில் ஒன்றில் நாலு அளவு இருக்கிறது.) வருடக்கணக்கில் இவ்வளவு சாராயம் மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருந்தால், மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை நீங்கள் பார்த்தது: இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது, இடமும் நேரமும் குழம்புவது, காய்ச்சல், படபடப்பு. சிகிச்சை இல்லாமல் விட்டால் இதில் இறப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மாமியார் கொடுத்த குவார்ட்டர் அன்று ராத்திரி வேலை செய்தது உண்மைதான். எடுத்த பொருளைத் திரும்பக் கொடுத்தால் மூளை அடங்கும். அவரைத் திட்டாதீர்கள், பெற்ற மனசு. ஆனால் அடுத்த முறை அப்படி நடந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் குளோர்டயாஸெபாக்சைட், டயஸெபாம், லோரஸெபாம் போன்ற ஒரு மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்போம். கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. இந்த ஊசியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, உடம்பில் பி1 தீர்ந்திருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நினைவுத்திறன் நிரந்தரமாகப் போய்விடும் அபாயம் உண்டு. தெரிந்த கம்பவுண்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு 'ஒரு பாட்டில் ஏத்துங்க' என்பது நம் பக்கத்துப் பழக்கம். இவருக்கு அதைச் செய்யாதீர்கள்.

கயிறு கட்டியதைப் பற்றி: எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கயிறு கட்டி நிறுத்தியவர்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்தியவர்கள், தர்காவில் வேண்டிக்கொண்டு நிறுத்தியவர்கள் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. கயிறு கட்டுகிற நாளிலேயே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் ஒரு வாரத்தை மருந்தோடு கடந்தால், மீதியை வைராக்கியம் பார்த்துக்கொள்ள இடம் கிடைக்கும்.

அந்த ஒரு வாரம் தாண்டுவதையே குணமாகிவிட்டதாகப் பல குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. உடம்பிலிருந்து சாராயம் போவது ஒன்று, திரும்பக் கைவைக்காமல் இருப்பது வேறு. இதற்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் உள்ளன. குடிக்கத் தூண்டும் ஏக்கத்தை இவை மட்டுப்படுத்தும். யாருக்கு எது என்பது கல்லீரல், சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாதக்கணக்கில் தொடர வேண்டும். கூடவே பேச்சு சிகிச்சை வேண்டும். கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயந்திரம் என்ன செய்வது, லோடு இறக்கிய களைப்பில் கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது என்று நாள், இடம், ஆள் வாரியாகப் பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. நடுவில் ஒருநாள் குடித்துவிடவும் செய்வார். அன்றைக்கு "எல்லாம் போச்சு" என்று ஒதுங்காமல், அடுத்த நாளே கூட்டிக்கொண்டு வந்தால் நழுவல் நழுவலாகவே நின்றுவிடும்.

எங்கே போவது? குடியாத்தம் அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று முதலில் கேளுங்கள். உங்கள் கணவருக்கு ஏற்கெனவே ஒரு முறை டெலிரியம் வந்திருப்பதால் படுக்கையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும், வெளிநோயாளியாக மாத்திரை வாங்கிப் போவது போதாது. அதற்கு அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் நடக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உள்ளே தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கும் முறை. கம்பெனியில் லீவு போட வேண்டுமே என்று தோன்றும். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அவரோடு இருக்கப்போவது நீங்கள்தான், நர்ஸ் அல்ல. அதனால் அந்த ஏற்பாட்டின் பக்கம்தான் நான். போவதற்கு முன்னால் போனில் பேச வேண்டுமென்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் பேசலாம்.

தனியார் மறுவாழ்வு இல்லங்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேனோடு வந்து கையைக் கட்டித் தூக்கிப் போகிறோம், மூன்று மாதம் நீங்கள் பார்க்க வரக்கூடாது என்று யாராவது சொன்னால் அங்கே அனுப்பாதீர்கள். மனநல மருத்துவர் தினம் வருகிறாரா, பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, நினைத்தபோது போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். முதல் வாரம் ஃபிட்ஸ் வந்தால் அங்கே யார் பார்ப்பார் என்பது இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி. நல்ல இல்லங்களும் உண்டு, அவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.

அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. நானாகக் கேட்கிறேன். அப்படியிருந்தால் அவர் சிகிச்சைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. 181க்கு எந்த நேரமும் பேசலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. குடித்திருந்தார் என்பது அந்தச் சட்டத்தில் சாக்கு ஆகாது.

இனி அந்த ஆயிரம் ரூபாய்.

ஊரில் கேட்கிறவர்களிடம் கோபப்பட வேண்டாம், கணக்குச் சொல்லுங்கள். தினம் முந்நூறு என்றால் மாதம் ஒன்பதாயிரம் உங்கள் வீட்டிலிருந்து போகிறது. வருவது ஆயிரம். இது கடையில் கொடுத்தது மட்டும். அவர் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, குழுக் கடனுக்குக் கட்டிய வட்டி, அடகில் இருக்கும் தோடு, பையன் விட்ட டியூஷன் இதில் சேரவில்லை. மகளிர் உரிமைத் தொகையைக் கொச்சைப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. அது உங்கள் உரிமை, 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது, வாங்குங்கள். சாராயக் கடைக்கு நன்றிக்கடனாக அதை வாங்கவில்லை என்பதுதான் விஷயம்.

அரசின் கணக்கும் இப்படித்தான். 2024-25இல் டாஸ்மாக் மூலம் 48,344 கோடி ரூபாய் வருமானம் என்று அரசே சொன்னது. வரவுப் பக்கம் எல்லோருக்கும் தெரிகிறது. செலவுப் பக்கம் பல துறைகளில் சிதறிக் கிடப்பதால் ஒரே இடத்தில் எழுதிக் கூட்டுவார் இல்லை. அடுக்கம்பாறையில் ரத்த வாந்தியோடு வரும் கல்லீரல் சுருக்க நோயாளிக்கு ஏற்றும் ரத்தம் சுகாதாரத்துறைக் கணக்கு. கணைய வீக்கத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கு. பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடும் 108 வண்டி இன்னொரு கணக்கு. காசநோய் ஒழிப்புக்கு ஒதுக்கும் பணத்திலும் குடியின் பங்கு உண்டு, அதிகமாகக் குடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று ஏழு வகைப் புற்றுநோய்களோடு சாராயத்துக்குத் தொடர்பு இருப்பது உறுதியாகியிருக்கிறது. நம் பக்கத்தில் குடிப்பவர்கள் பலர் பீடியும் பாக்குப் பொட்டலமும் சேர்த்துப் போடுகிறார்கள். வாயிலும் தொண்டையிலும் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். 2019இல் வந்த ஓர் இந்திய ஆய்வு, வரியாக வரும் பணத்தைக் கழித்த பிறகும், குடியால் நாட்டுக்கு ஆண்டுதோறும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.45 சதவீதம் நஷ்டம் என்று கணித்தது. ஆயிரம் ரூபாய்க் கேள்வி கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதே ஆண்டு வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வில் வந்த ஒரு எண் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெறுபவர் 180க்கு ஒருவர். கடைக்கு ஊர் ஊராக இடம் கிடைக்கிறது, சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. தாலுகா மருத்துவமனைகளில் இதற்கென்று பத்துப் படுக்கை, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், தடையில்லாமல் மாத்திரை. டாஸ்மாக் வருமானத்தில் ஒரு சிறு துண்டு இதற்குப் போதும். உங்கள் மனுவில் கடையை மாற்றக் கேட்பதோடு இதையும் ஒரு வரி எழுதுங்கள் என்பது என் விருப்பம்.

எல்லாக் கடையையும் நாளையே இழுத்து மூடினால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். வட ஆற்காட்டுக்கு இது புதிதில்லை, 1939இலேயே இங்கே மதுவிலக்கு வந்தது. பிறகு எடுத்தார்கள், வைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். 2020 ஊரடங்கில் ஒன்றரை மாதம் கடைகள் மூடிக் கிடந்தன. அப்போது நடுக்கத்தோடும் ஃபிட்ஸோடும் வந்தவர்கள் உங்கள் கணவரைப் போன்றவர்கள்தான். மே முதல் வாரம் ஆந்திரத்தில் கடை திறந்ததும் எல்லையோரத்து ஆட்கள் அந்தப் பக்கம் கிளம்பினார்கள். ஜவ்வாது மலை, அல்லேரி மலைப் பக்கம் சாராய ஊறலைப் போலீஸ் அழிப்பதும் அவர்கள் மறுபடி போடுவதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதனால் ஒரே நாளில் மூடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2023இல் 500 கடைகளை மூடினார்கள், வருமானம் குறையவில்லை, கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது. விலையைப் படிப்படியாக ஏற்றுவது, விற்கும் நேரத்தைக் குறைப்பது, பகல் பன்னிரண்டுக்கு முன்னால் நடக்கும் பிளாக் விற்பனையை நிஜமாகவே தடுப்பது, மலைச் சாராயத்தை அடக்குவது, கூடவே சிகிச்சை. உலகம் முழுக்கக் குடியைக் குறைத்த வழிகள் இவைதான், எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன்.

உங்கள் ஊர்க் கடை விஷயம் வேறு. பிள்ளைகள் நடந்துபோகும் வழியில் கடை இல்லாமல் இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் சில்லறை மது விற்பனை விதிகள்படி, பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக்கூடாது. முதலில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். நூறு மீட்டருக்குள் இருந்தால் மனு சுலபம். வெளியே இருந்தாலும் மனு கொடுக்கலாம். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த நேரத்தில் பிள்ளைகள் போகிறார்கள், அப்போது கடை முன்னால் என்ன நடக்கிறது என்று தேதி போட்டு இரண்டு வாரம் எழுதி வையுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைப் பார்த்தால் அதையும் எழுதுங்கள். ஊரில் கள்ளச்சாராயம் ஓடினால் 10581க்குச் சொல்லலாம்.

மனு அது பாட்டுக்கு நடக்கட்டும், அதன் முடிவுக்காக உங்கள் கணவரின் சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். போதை ஏறியிருக்கும்போது பேச்சை எடுக்க வேண்டாம். காலையில், முதல் கிளாஸ் உள்ளே போய் நடுக்கம் அடங்கிய அரை மணி நேரத்தில் பேசுங்கள். "குடியை விடு" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். "அன்னிக்கு ராத்திரி போலீஸ் தெரிஞ்சுதே, எனக்குப் பயமா இருக்குது, டாக்டரிடம் கேட்போம்" என்று ஆரம்பியுங்கள். அந்த ராத்திரி அவருக்கும் பயம்தான், வெளியே சொல்ல மாட்டார். மருத்துவமனைக்கு வரும் நாளில் அவராகக் குடியைக் குறைத்துக்கொள்ளவோ நிறுத்தவோ வேண்டாம், வழக்கம்போல இருக்கட்டும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். நோயாளி இல்லாமல் வீட்டார் மட்டும் வருவது எங்கள் ஓ.பி.யில் சாதாரணம், அதற்கும் சீட்டு போடுவார்கள். அந்தப் பொட்டலத்தையும் கொண்டுவாருங்கள், அதில் என்ன இருக்கலாம் என்று பார்க்கிறேன்.